காற்றை எதிர்த்து வந்த வாணம்

சொர்ணத்தின் அடுப்படிக்கு மேலே, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. மழை வந்தால் அதற்கு நேர் கீழே அலுமினிய அன்னக்கூடையை வைப்பாள். வெயில் வந்தால் அதன் வழியாக வட்டமாய் ஒரு வெளிச்சம் தரையில் விழும். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவாள். ஷீட்டை மாற்றித் தருகிறோம் என்று முன்வந்தவர்களுக்குக் குறைவில்லை. "கெடக்கட்டும் வுடு" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், ஈசிஆர் ரோட்டிலிருந்து சவுக்குத் தோப்பைத் தாண்டி இறங்கினால் வருகிற அந்தக் குப்பத்தில் அந்த ஓட்டையின் கதை எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று அவர்களாகவே முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிறவன் செத்தால், அடக்கத்துக்குக் கொண்டுபோகிற வழியில் பாடையைக் கரையில் இறக்கி வைத்து ஒரே ஒரு வாணம் விடுவார்கள். வழி நெடுகச் சரம் சரமாய் வெடிக்கிற பட்டாசெல்லாம் ஊருக்குக் காட்டுவதற்கு. இந்த வாணம் செத்தவனுக்கு. தீபாவளிக்குக் கடையில் தொங்குகிற ராக்கெட் இல்லை இது. திருவிழாக்களுக்கு வாணம் கட்டுவதற்கென்றே லைசென்ஸ் வைத்திருக்கும் தேவேந்திரன் தன் கையால் கட்டுவது. முழங்கை நீளக் குழாய், தலையில் ஒரு வேட்டு, பின்னால் ஆள் உயரத்துக்கு மூங்கில் சிம்பு ஒன்று வாலாக. அந்த வாலில் ஒரு மஞ்சள் துணியை முடிந்துவிட்டால் அது சாவு வாணம்.

நெருப்பு வைத்ததும் சீறிக்கொண்டு ஏறும். ஏறி, தலையை மெல்லச் சாய்த்து, கடலைப் பார்த்துப் போய் வெடிக்கும். "கூப்டுக்கினாடா கடலம்மா" என்று ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். செத்தவன் மனக்குறை இல்லாமல் போய்ச் சேர்ந்தான் என்று அர்த்தம். அத்தனை பேர் அடக்கத்திலும் அப்படித்தான் போயிருக்கிறது. குடிகாரனுக்கும் அப்படித்தான், பெண்டாட்டியை அடித்தே தீர்த்தவனுக்கும் அப்படித்தான். கடலம்மாவுக்கு அந்த விஷயத்தில் ரொம்பப் பெரிய மனது.

தணிகைவேலுக்கு மட்டும்தான் மாறிப் போயிற்று.

தணிகைவேல் சொர்ணத்தின் புருஷன். கோவளத்தில் பிறந்த அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன். பேச்சு கம்மி. பேசுகிற கொஞ்சத்தையும் முணுமுணுத்தே பேசுவான். ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தான். விடியுமுன் கடலுக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "சொர்ணம், வந்துடறேன்" என்பான். அவள் தூங்கினாலும் சொல்வான், காய்ச்சலில் கிடந்தாலும் சொல்வான். பெண் யோகேஸ்வரி குழந்தையாய் இருந்தபோது, அப்பாவைப் போலவே கதவிடுக்கில் தலையை நீட்டி அதைச் சொல்லிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பாள்.

சண்டை வந்தது வாட்ச்மேன் வேலையால். கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் வாசல்களில் மீன் விற்கிறவள் சொர்ணம். அங்கே ஒரு ஃப்ளாட்டில் வாட்ச்மேன் வேலை காலி என்று கேள்விப்பட்டு வந்து சொன்னாள். தணிகைவேல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை மீன் ஏலம் போடுகிற இடத்தில், அத்தனை பேர் நடுவில், வாயை விட்டுவிட்டாள்.

"கடலு கடலுன்னு கட்டிக்கினு அழுவுறியே, இன்னா குடுத்துச்சு உனுக்கு? ஒரு நாளு உன்னயே முழுங்கிட்டு ஏப்பம் வுடப்போவுது பாரு!"

பயத்தில் சொன்னது. கேட்டவர்களுக்குச் சாபம் மாதிரி இருந்தது. தணிகைவேல் வலையை உதறிக்கொண்டே இருந்தான், நிமிரவில்லை. அன்று ராத்திரி சோறும் வேண்டாம் என்றுவிட்டான்.

மறுநாள் விடியுமுன் அவன் எழுந்தது சொர்ணத்துக்குத் தெரியும். முழித்துக்கொண்டுதான் இருந்தாள். வீம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அதைச் சொன்னால் எழுந்து டீ போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். காலடி வாசல் வரைக்கும் போயிற்று. நின்றது. பிறகு மணலில் இறங்கிப் போய்விட்டது.

போனவன் திரும்பவில்லை. படகு கவிழ்ந்து, உடம்பு சில நாள் கழித்து மாமல்லபுரம் பக்கம் ஒதுங்கியது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அறுத்து, கட்டி, காலையில் ஆம்புலன்சில் வந்து சேர்ந்தது. வைத்திருக்கிற நிலையில் இல்லை. மற்றவர்களைப் போல உறவெல்லாம் வந்து சேர்ந்து, மத்தியானத்துக்கு மேல் எடுக்கிற கொடுப்பினை அவனுக்கு இல்லாமல் போயிற்று. வந்த வேகத்தில் எடுத்தார்கள். ஆனி மாதம், மேல்காற்று மணலை வாரிக் கடல் பக்கம் இறைத்துக்கொண்டிருந்தது.

தேவேந்திரன் வாணத்தைக் கொளுத்தினார். ஏறியது. தலையைச் சாய்த்தது. கடல் பக்கம் இல்லை, ஊர்ப் பக்கம். வீசுகிற காற்றையே எதிர்த்துக்கொண்டு, வீடுகளின் தலைக்கு மேல் தாழப் பறந்து போய், சொர்ணத்தின் அடுப்படிக் கூரையில் விழுந்து வெடித்தது. தோப்போரம் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சொர்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தவள் கன்னியம்மா. தணிகைவேலின் அக்கா. தம்பியைத் தூக்கி வளர்த்தவள்; அவளுக்கும் அன்று வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"பாத்தீங்களாடி! காத்து அந்தாண்ட தள்ளிக்கினு கீது, எந்தம்பி காத்தயே எதுத்துக்கினு இவ வூட்டுக்குப் போறான். எம்மாம் ஆத்திரம் இருந்தா அப்பிடிப் போவான்! பேசியே கொன்னுட்டா என் ராசாவ!"

அவ்வளவுதான். ஒரு குப்பத்துக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நிச்சயத்துக்குப் பூ வைக்கிற வீட்டில் ஒரு மூலையில் உட்காரக்கூட அவளைக் கூப்பிடுவது நின்றது. காலையில் முதல் மீன் கூடையைத் தலைக்குத் தூக்கிவிடச் சொல்லி யாரும் அவளிடம் கேட்பதில்லை. படகு தள்ளுகிற நேரத்தில் அவள் எதிரே வந்தால், சகுனம் பார்க்காத இளவட்டப் பையன்கள்கூடக் கொஞ்சம் நின்று போனார்கள். அவளை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தார்கள். அதற்கு நாலு வார்த்தை திட்டியே இருக்கலாம்.

சொர்ணம் ஒருவரிடமும் மல்லுக்கு நிற்கவில்லை. நெஞ்சு குறுகுறுக்கிறது, அதனால்தான் வாயடைத்துப் போனாள் என்றது ஊர். ஊர் சொன்னதில் பாதி சரி. அந்த ஏலத்திடலில் சொன்ன சொல்லை நினைத்து அவள் அழாத நாள் இல்லை. ஆனால் வாணத்தைப் பற்றி அவள் மனதில் இருந்தது வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற மகளிடம்கூட.

அவள் கணக்கில் அவன் கோபத்தில் வரவில்லை. அன்றைக்கு வாசலில் நின்று சொல்லாமல் போனானே, அதைச் சொல்ல வந்தான். கடல் கூப்பிடும்போதும், காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும்போதும், இரு ஒரு நிமிஷம் என்று திரும்பி, இத்தனை வீட்டைத் தாண்டி, சரியாய் அவள் அடுப்படிக்குள் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனான். வேறு எந்தப் புருஷன் வந்தான் அப்படி? மற்றவர்கள் எல்லாம் விட்டது சனியன் என்று கடலைப் பார்த்துப் போனவர்கள்தானே? ஊர் ஒதுக்கிய ஒவ்வொரு தடவையும் அவள் வீட்டுக்கு வந்து அந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொள்வாள். அதனால்தான் அதை அடைக்கவில்லை. ஊர் அவமானம் என்று நினைத்ததை அவள் தாலிக்குப் பதிலாக வைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்திருந்தால் கன்னியம்மா என்ன சொல்லியிருப்பாளோ.

இப்படியே போயிருக்கும். ஆனால் யோகேஸ்வரி வளர்ந்துவிட்டாள்.

பெண் படிப்பில் கெட்டி. கேளம்பாக்கம் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. அப்பனைப் போலப் பேச்சு கம்மி, அம்மாவைப் போல வீம்பு ஜாஸ்தி. அவள் முதல் வருஷம் படிக்கும்போது கன்னியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். என்ன இருந்தாலும் அத்தை வீடு என்று யோகேஸ்வரி புதுத் தாவணி கட்டிக்கொண்டு போனாள். வரிசைத் தட்டு எடுக்கிற நேரத்தில் ஒரு தட்டை அவளும் தூக்கினாள். கன்னியம்மா ஓடிவந்து, எல்லார் முன்னாலும், அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ வாணாம்மே. தப்பா நெனைக்காத. நல்ல காரியம்."

பெண் நேரே வீட்டுக்கு வந்து, தாவணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கட்டவே இல்லை. தன்னை ஆயிரம் பேர் ஒதுக்கியபோது வராத ஆத்திரம் சொர்ணத்துக்கு அன்றைக்கு வந்தது. என்ன செய்ய முடியும்? அந்தத் தாவணியைப் பெட்டியின் அடியில் போட்டு மூடினாள்.

மூன்றாம் வருஷம் காலேஜில் ராக்கெட் போட்டி. மாணவர்களே அட்டைக் குழாயில் செய்து விடுவார்கள். வீட்டு ஆட்கள் வரலாம் என்றதும், அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு சொர்ணம் போய் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்தாள். யோகேஸ்வரியின் ராக்கெட்டுக்கு மூங்கில் சிம்பு இல்லை. வால் பக்கம் இறக்கை மாதிரி மூன்று பட்டை. மற்றவர்களுடையதைவிடப் பெரிய பட்டை. பெண் செய்தது பெரிதாகத்தானே இருக்கும் என்று சொர்ணத்துக்குப் பெருமையாய் இருந்தது.

அவளுடைய முறை வந்தது. ராக்கெட் கிளம்பியது. கொஞ்சம் ஏறியதும், சொர்ணத்துக்கு நன்றாய்ப் பழக்கமான விதத்தில், மெல்லத் தலையைச் சாய்த்தது. சாய்ந்து, காற்றை எதிர்த்துக்கொண்டு போய், காலேஜ் பஸ்கள் நிற்கிற இடத்தில் விழுந்தது.

பக்கத்தில் இருந்தவர்கள் அச்சச்சோ என்றார்கள். வாத்தியார் வந்து ஏதோ சொன்னார். யோகேஸ்வரி அவர் சொன்னதைக் கேட்டாள். பிறகு மேடை மேல் படபடத்துக்கொண்டிருந்த கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோற்றவள் முகமாய் இல்லை அது.

திரும்பி வரும் பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் பெண் ஆரம்பித்தாள்.

"அம்மா, நங்கூரம் போட்டு நிறுத்துன படகு, காத்தடிச்சா எப்பிடி நிக்கும்?"

"இன்னாடி இது கேள்வி? மூக்கு காத்தப் பாத்துக்கினு நிக்கும்."

"ஏன்?"

"மூக்குலதான கயிறு கட்டிக்கீது. பின்பக்கத்த காத்து தள்ளிக்கினு பூடும். மூக்கு காத்துக்கு நேரா திரும்பிக்கும்."

"அதேதான்மா ராக்கெட்டும்!" யோகேஸ்வரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கனமெல்லாம் தலையில கீது. வாலு நீளமா, லேசா கீது. காத்து பக்கவாட்டுல அடிச்சா வாலத்தான் தள்ளும். வாலு அந்தாண்ட போச்சுன்னா தலை தானா காத்தப் பாத்துத் திரும்பிடும். வாலு இல்லாங்காட்டி நேரா போவாது, பைத்தியம் புடிச்சா மாதிரி சுத்தும். வாலு இருந்தா நேரா போவும், ஆனா காத்து எங்கேந்து வருதோ அங்கதான் மூஞ்சிய வைக்கும். எம் பட்டை ரொம்பப் பெருசாப் பூட்ச்சு, அதான் இம்மாம் சாஞ்சுது."

சொர்ணம் மற்றக் கையால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நம்ம குப்பத்துல எல்லாரையும் மத்தியானத்துக்கு மேல எடுக்கறாங்க. அப்போ கடல்காத்து. வாணம் கடலப் பாத்துப் போவுது. நைனாவ மட்டும் காலையில எடுத்தாங்க. அப்போ மேல்காத்து. வாணம் ஊரப் பாத்து வந்துச்சு. அவ்ளோதாம்மா. அவுரு கோவமும் இல்ல, ஒன்னும் இல்ல. உம்மேல ஒரு தப்பும் இல்ல." பிடித்த கையை அவள் விடவில்லை. "இத்த நான் ஊருக்கே காட்டப்போறேன்."

பஸ் திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது. வேண்டாம் என்று சொல்ல சொர்ணத்துக்கு அந்த ஒரு நிமிஷம் இருந்தது. ஊர் என்ன நினைத்தாலும் நினைத்துவிட்டுப் போகட்டும், எனக்கு அது வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் கதவிடுக்கில் தலையை நீட்டிச் சிரிக்க வைத்த முகத்தில் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு வெளிச்சம். அந்தத் தாவணி இன்னும் பெட்டியின் அடியில்தான் கிடந்தது.

"சரி" என்றாள்.

தேவேந்திரன் லேசில் மசியவில்லை. "சாவு இல்லாம சாவு வாணம் வுடறதாவது? இன்னா பேஜாரு புடிச்ச வேல பண்ணச் சொல்றே?" என்று கத்தினார். மஞ்சள் துணி கட்டாவிட்டால் அது வெறும் வாணம்தானே மாமா என்று யோகேஸ்வரி கேட்டாள். அன்றைய வாணத்தைக் கட்டியது தன் கைதானே என்று இத்தனை வருஷமாய் அவருக்கும் ஓர் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். தலையில் வேட்டுக்குப் பதில் அதே கனத்துக்கு மணலை வைத்து, ஒரே மாதிரி மூன்று கட்டினார்.

மறுபடி ஆனி மாதம். காலை மேல்காற்று. வீடுகள் இல்லாத வெற்று மணல் பக்கம் ஊரே கூடிவிட்டது. இப்படி ஒன்று என்றால் நாஸ்தாவைக்கூட மறந்துவிட்டு வருவார்கள். கன்னியம்மாவும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

முதல் வாணத்தில் வாலைப் பாதிக்கு வெட்டியிருந்தது. ஏறின வேகத்தில் குட்டிக்கரணம் போட்டு, சுற்றிச் சுற்றி அலை விளிம்பில் விழுந்து புகைந்தது. பிள்ளைகள் கைதட்டின. இரண்டாவதில் முழு வால். நேராய் ஏறியது, காற்றுப் பக்கம் தலையைச் சாய்த்தது, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோப்புப் பக்கம் போயிற்று. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

"யாரும் சாவலியே" என்றாள் யோகேஸ்வரி, சத்தமாய். "யாரு கோவிச்சுக்கினு போறா இப்போ?"

மூன்றாவதை மத்தியானம் கடல்காற்று எழுந்த பிறகு விட்டார்கள். அதே குழாய், அதே வால். கடலைப் பார்த்துச் சாய்ந்து, அழகாய்ப் போய் விழுந்தது.

பிறகு கன்னியம்மா மணலில் தடுமாறிக்கொண்டு வந்தாள். சொர்ணத்தின் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு உடைந்து அழுதாள்.

"எந்தம்பி உம்மேல கோவமா போவலடி. நாந்தாண்டி பாவி, வாயில வந்தத பேசிட்டேன். என்ன மன்னிச்சுடு சொர்ணம்."

"வுடுங்க அண்ணி. அழுவாதீங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று சொர்ணம் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ தலையில் பூ வைக்க வந்து, விதவை என்று ஞாபகம் வந்து நிறுத்தி, பூவை யோகேஸ்வரி தலையில் வைத்தார்கள். மகள் சிரிப்பதைப் பார்த்துச் சொர்ணமும் சிரித்தாள். அது பொய்ச் சிரிப்பு இல்லை. வாசலில் நின்ற காலடியையும், தலையை நீட்டாமல் போன கதவையும் அன்று முழுக்க அவள் நினைக்காமல் இருந்தாள். பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் நினைக்காமல் இருக்க முடிந்தது.

அன்று சாயங்காலமே புது ஷீட்டும் ஏணியுமாய்த் தேவேந்திரன் வந்துவிட்டார். யோகேஸ்வரி ஏற்பாடு. இனி அந்த ஓட்டை எதற்கு?

"எட்த்துடட்டுமா, சொர்ணம்?" என்று மேலிருந்து கேட்டார்.

மறுக்க ஒரு காரணமும் மீதி இல்லை. "எடுங்க அண்ணாத்த" என்றாள்.

பழைய ஷீட் கழன்று, அடுப்படி முழுக்க வெளிச்சம் கொட்டி, பிறகு புது ஷீட் வந்து மூடிக்கொண்டது. தரை ஒரே இருட்டாய் இருந்தது. இத்தனை வருஷம் சுற்றிக்கொண்டு போன இடம் எது என்று தெரியவில்லை. சொர்ணம் அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யோகேஸ்வரி ஓடிவந்தாள். "இன்னாமா? எல்லாம் தீந்துபோச்சே, இன்னும் ஏன் அழுவுறே? நைனா கோவத்துல வரலன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சும்மா."

"கோவத்துல வரல, சரிதான்." சொர்ணம் தரையைத் தடவிப் பார்த்தாள். "வரவே இல்லியேடி. சொல்லாமதான் பூட்டாரு."

பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவள் பார்வை மெல்ல வாசல் கதவுப் பக்கம் போயிற்று. அம்மாவின் பக்கத்தில் மெதுவாய் உட்கார்ந்தாள். மேலே தேவேந்திரன் கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.